கைக்கேற்ற பந்து

தாமோதரசாமி அடித்த பந்து கீழே வராமல் நின்றது ஐப்பசி மாதத்தில், மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். ஒன்பதாம் குழிக்கான மேட்டிலிருந்து கிளம்பி, பள்ளத்தைத் தாண்டி, எதிர்க்கரைப் புல்லில் போய் விழவேண்டிய அந்த கோல்ஃப் பந்து, பள்ளத்தின் நடுவே, யூகலிப்டஸ் மரங்களின் உச்சிக்கும் மேலே, அவருக்கு மட்டைப் பை சுமக்கும் இருதயத்தின் வீட்டு ஓட்டுக்கு நேராகப் போய் நின்றுகொண்டது. கூட ஆடியவர்கள் புருவத்தின் மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார்கள், ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார், பிறகு தொலைந்த பந்துக்கு என்ன சட்டமோ அதையே இதற்கும் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்து, பின்னால் ஆடுகிறவர்களைக் காக்கவைக்கக் கூடாதே என்று அடுத்த அடிக்குப் போய்விட்டார்கள். பந்து அங்கேயே நின்றது.

அந்தப் பள்ளத்தில்தான் நாங்கள் இருக்கிறோம். வெள்ளைக்காரர்கள் இந்த மலையில் கிளப்பு கட்டியபோது மட்டைப் பையைச் சுமக்க ஆள் வேண்டுமென்று கீழ்நாட்டிலிருந்து எங்கள் ஆட்களைக் கூட்டிவந்தார்கள், மேட்டில் குடிவைத்தால் பார்வைக்கு உறுத்தும் என்று பள்ளத்தில் வரிசையாக வீடு கட்டிக் கொடுத்தார்கள், பள்ளத்து லைன் என்று பேரும் வைத்தார்கள். வேலை இருக்கும்வரை வீடு, வீட்டை விட்டால் வேலை போச்சு. இங்கிலீஷில் எங்களைக் கேடி என்பார்கள். போலீஸ்காரரிடம் சொல்லிக்கொள்ள அது அவ்வளவு நல்ல பெயர் இல்லை என்பதால் நாங்கள் பைக்காரர் என்றே சொல்லிக்கொள்கிறோம்.

பை தூக்குவதா பெரிய வித்தை, கழுதைகூடத் தூக்கும். எங்கள் பெருமை வேறு. இந்தக் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு, வேறெங்கும் இருக்கிறதா என்று தெரியாது: ஆடுகிறவர் மேட்டில் ஏறி நின்று, தூரத்துக் குழியைப் பார்த்தபடியே, திரும்பாமல், பின்பக்கமாக உள்ளங்கையை நீட்டுவார், பைக்காரன் அந்தக் கையில் ஒரு பந்தை வைப்பான். எந்தப் பந்து என்று அவர் கேட்கக் கூடாது, இவன் சொல்லக் கூடாது. மெதுவாக வீசும் கைக்கு இளகின பந்து வேண்டும், இறுகினதைக் கொடுத்தால் அடி முழுதும் அவர் முழங்கைக்குத்தான் போய்ச் சேரும். வேகமாக வீசும் கைக்கு இறுகின பந்து, இளகினதைக் கொடுத்தால் மட்டையிலேயே நசுங்கிச் சோம்பிப்போகும். விழுந்த இடத்தில் நிற்கவேண்டும் என்பவருக்கு மேல்தோல் மெத்தென்றிருக்க வேண்டும், விழுந்தபின் ஓடவேண்டும் என்பவருக்கு வழவழப்பாக. எதிர்காற்றா, தாழப் பறப்பது. பனி நாளா, எதுவானாலும் வீட்டிலிருந்தே மடியில் கட்டிச் சூடேற்றி எடுத்துவர வேண்டும். பந்து தொலைந்துவிடுமோ என்று பயப்படுகிற மனிதருக்குப் புதுப்பந்தைக் கொடுத்தால் பயத்திலேயே தொலைத்துவிடுவார், அவருக்கு உரசல் விழுந்த பழசுதான் சரி. இத்தனையும் பார்த்து, அன்றைக்கு அவர் வீட்டில் என்ன சண்டை என்பதையும் முகத்தில் பார்த்து, ஒரு பந்தை வைக்கவேண்டும். தப்பான பந்தை வைத்தவனுக்கு லைனில் பெண் கொடுக்க யோசிப்பார்கள்.

இருதயம் அப்படி ஒரு தப்பும் செய்யாதவன். அவன் பை தூக்கியது தாமோதரசாமிக்கு. அவர் மதுரைப் பக்கம் நூல் மில் வைத்திருந்து, மனைவி போனபின் மில்லை மகன் கையில் கொடுத்துவிட்டு மலைக்கு வந்து தனியாகக் குடியிருந்தவர். வயது எழுபதைத் தாண்டியும் கை மட்டும் கல்யாணமாகாத பையனின் கை, வீசினால் காற்று கிழியும் சத்தம் கேட்கும். அவருடைய பந்துக்கு அடையாளம் ஒரு சிவப்புப் பொட்டு. ஒவ்வொருவரும் பந்தில் ஒரு அடையாளம் வைப்பது, மாற்றான் பந்தை அடித்துவிடக் கூடாது என்பதற்காக, அதைவிடக் கேவலம் அந்த விளையாட்டில் கிடையாது. ஒருமுறை புதரில் கிடந்த பந்தைக் கோப்பை கிடைக்கும் தறுவாயில் எடுத்துத் தடவிப்பார்த்துவிட்டு, பொட்டைக்கூடப் பார்க்காமல், இது என் பந்து இல்லை என்று போட்டுவிட்டுத் தோற்றுத் திரும்பியவர் அவர். இருதயம் அதை லைன் முழுக்கச் சொல்லித் திரிந்தான், தானே ஜெயித்த மாதிரி.

முதல் பந்து நின்ற அடுத்த மாதமே வேறு சில பந்துகளும் நின்றன. எல்லாப் பந்தும் நிற்கவில்லை, அதைப் புரிந்துகொள்ள எங்களுக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. அடிக்கிறவனின் கைக்கு மயிரிழைகூட விலகாமல் பொருந்திய பந்து மட்டும்தான் உச்சிக்குப் போய், இனி எங்கும் போகவேண்டியதில்லை என்பதுபோல் நின்றது, மற்றவை ஒழுங்காகக் கீழே வந்தன. இது தெரிந்தபின் கிளப்பில் யாருக்கும் பந்து கீழே வருவது பிடிக்கவில்லை. குழியில் போட்டு ஜெயித்தவனைவிட வானத்தில் நிறுத்தியவன் பெரியவன் ஆனான். கிளப்பு மண்டபத்தில் பலகை வைத்துப் பொன்னெழுத்தில் பெயர் எழுதினார்கள். நாங்களும் சும்மா இருக்கவில்லை. எவன் கொடுத்த பந்து நின்றதோ அவன் அன்று லைனில் மாப்பிள்ளை, பரோட்டாவும் கோழியும் வாங்கிவந்து எல்லோருக்கும் போடவேண்டும், அவன் நடையே வேறாக இருக்கும். எங்கள் தலைக்கு மேல் பந்துகள் கூடிக்கொண்டே போயின. மழை விட்டபின் அவற்றிலிருந்து வெகுநேரம் சொட்டிக்கொண்டிருந்தது, உச்சிவெயிலில் துவைக்கிற கல்லின் மேல் சின்னச்சின்னதாக நிழல் விழுந்தது, பிள்ளைகள் நிழலை மிதித்து விளையாடினார்கள். வீட்டுக்கு அடையாளம் கேட்டால், வக்கீல் பந்துக்கு மூன்றாம் வீடு, எஸ்டேட்காரர் பந்துக்குக் கீழ் வீடு என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் சமவெளியில் மகள் வீட்டில் மாரடைப்பில் இறந்துபோனார். அவர் உயிர் போன அதே நேரத்தில் அவருடைய பந்து, நின்ற இடத்திலிருந்து, அடித்த அடியின் வேகம் முழுதும் அப்படியே இருக்க, கீழே வந்தது. காற்றில் இரண்டு வீடு தள்ளி வந்து, வாசலில் கண்ணாடியைச் சுவரில் மாட்டிச் சவரம் செய்துகொண்டிருந்த சூசையின் உச்சந்தலையில் விழுந்தது. சோப்பு நுரை ஒரு கன்னத்தில் இருக்க அவன் அப்படியே உட்கார்ந்தான், பிறகு எழுந்திருக்கவில்லை. அவன் அடக்கத்துக்குக் கிளப்பிலிருந்து மலர்வளையம் வந்தது. நீதிபதிக்கும் அதே கடையில்தான் சொல்லியிருந்தார்களாம்.

மனுஷன் செத்தால் பந்து விழும் என்று தெரிந்தபின் என்ன செய்வது. சூசையின் பெண்டாட்டி பிள்ளைகளோடு வீட்டை விட்டுப் போனாள், பழைய பஸ் ஸ்டாண்டில் கூரையில்லாமல் படுத்திருப்பதைப் பார்த்து வந்து எங்களிடம் சொன்னார்கள், அதன்பின் யாரும் போகவில்லை. பள்ளத்துக்கு மேலே அடிக்கவேண்டாம், குழியை இடம் மாற்றுங்கள் என்று போய்க் கேட்டோம். நூறு வருஷத்துக் குழி, அதை மாற்ற முடியாது என்று செயலாளர் சொல்லி, மண்டபம் கட்டியபோது மிஞ்சிய மஞ்சள் ஹெல்மெட்டுகளை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தனுப்பினார். வீட்டுக்கு ஒன்று என்பதால் யார் தலையில் வைப்பது என்று வீட்டுக்கு வீடு சண்டை. கடைசியில் அடுப்படியில் நிற்கிறவள் தலையில் அது நிலைத்தது, பூசைக்குப் போகும்போது புருஷன் தலைக்கு மாறியது. பிறகு நாங்கள் மெம்பர்களின் உடம்பைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினோம். எந்தப் பெரிய மனிதருக்கு இருமல் என்றாலும் இங்கே சுக்கு தட்டப்பட்டது. மெம்பர்களின் தீர்க்காயுசுக்காக மாதா கோவிலில் பூசை வைத்தோம், மாரியம்மனுக்கும் நேர்ந்துகொண்டோம், இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்பினோம். பாரில் வேலை செய்கிற எங்கள் ஆள் விஸ்கியில் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றி வசவு வாங்கினான். அவர்கள் ஏறும் படிகளில் பாசியைச் சுரண்டினோம். தங்கள்மேல் எங்களுக்கு இத்தனை பாசமா என்று சிலர் கண் கலங்கினார்கள். பாவம், அவர்களில் நல்லவர்களும் இருந்தார்கள்.

தாமோதரசாமிக்குச் சர்க்கரையும் இருந்தது, நெஞ்சில் அடைப்பும் இருந்தது, டாக்டர் பேச்சைக் கேட்கும் குணம் மட்டும் இல்லை. இருதயத்தின் பெண்டாட்டி லூர்து தினமும் காலையில் கேப்பைக் கூழும் வெந்தய நீரும் எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறி அவர் குடிக்கும்வரை நிற்பாள். திரும்பி வந்தால் முதல் வேலையாகத் தன் வீட்டுக்கு மேலே நிற்கும் பந்தைப் பார்ப்பாள், அப்புறம் உள்ளே போய்ப் பிள்ளையைப் பார்ப்பாள். அவர்களுக்கு ஒரே பிள்ளை, பிரகாசி, அப்போதுதான் பள்ளிக்கூடம் சேர்ந்திருந்தாள். லூர்து அவளுடைய கட்டிலை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மாற்றிக்கொண்டே இருந்தாள். காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று யாருக்குத் தெரியும்.

அந்த வருஷம் பங்குனியில் டாக்டர் குணாளனுக்கு, அவரும் ஒரு மெம்பர்தான், வலக்கை வாதத்தில் விழுந்துவிட்டது. அவர் சாகவில்லை. ஆனால் அவர் பந்து இறங்கத் தொடங்கியது. நாளுக்குக் கொஞ்சமாக, அவசரமில்லாமல், ஒரு வாரத்தில் வந்து ஓட்டின் மேல் கோழி முட்டை மாதிரி உட்கார்ந்தது. ஏணி வைத்து எடுத்துக்கொண்டுபோய் அவரிடமே கொடுத்தோம். அப்போதுதான் எங்களுக்கு முழுதும் புரிந்தது: கைக்குப் பொருந்தியதால் நின்ற பந்து, கை மாறினால் பொருத்தம் விட்டு மெல்ல இறங்கிவிடும். கை மாறாமலே மனுஷன் செத்தால்தான் மொத்த வேகமும் நம் தலையில் இறங்கும். அன்றோடு எங்கள் வேண்டுதலும் மாறியது. அவர்கள் நீண்ட நாள் இருக்கவேண்டும், ஆனால் கை மட்டும் தளர்ந்துபோகவேண்டும். இதைக் கோவிலில் எப்படிக் கேட்பது என்று சாமியாரிடம் யாரும் கேட்கவில்லை, மனசுக்குள்ளேயே முட்டிபோட்டுக் கேட்டுக்கொண்டோம்.

லூர்துதான் புருஷனிடம் வாய் விட்டுக் கேட்டாள். அவர்கள் சுவருக்கு அடுத்த சுவர் எங்களுடையது, எல்லாம் கேட்கும்.

"நீங்க குடுக்குற பந்துதான் அவரு கைய அப்படியே வச்சிருக்கு. எளகின பந்தாக் குடுங்க. கை அதுக்குப் பழகித் தன்னால தளந்துரும்."

"அது அவருக்குத் தப்பான பந்து, லூர்து."

"நம்ம புள்ள எதுக்குக் கீழ தூங்குதுன்னு ஒரு தடவ அண்ணாந்து பாத்துட்டுச் சொல்லுங்க, தப்பா சரியான்னு."

அந்த ஞாயிற்றுக்கிழமை, பின்பக்கமாக நீண்ட உள்ளங்கையில், இருதயம் தன் ஆயுளில் முதல் முறையாகத் தப்பான பந்தை வைத்தான். பொட்டு அதே சிவப்புப் பொட்டு, கனம் அதே கனம், உள்ளே மட்டும் கொஞ்சம் இளக்கம். தாமோதரசாமி அடித்துவிட்டுக் கையை ஒருதரம் உதறினார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது வழக்கம், அதோடு இருதயம் கொடுத்ததைக் கேட்பதாவது. சித்திரை போய் ஆடி வந்தது, ஆடி போய் ஐப்பசி வந்தது, மாதத்துக்கு மாதம் இன்னும் கொஞ்சம் இளகின பந்து, இன்னும் கொஞ்சம் இளகினது. கை பந்துக்குப் பழகியது. காற்றைக் கிழிக்கும் சத்தம் குறைந்து குறைந்து நின்றுபோனது. இவரிடம் தோற்றுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஜெயித்தார்கள், ஜெயித்துவிட்டுத் தோளில் தட்டினார்கள், வயசு என்று ஒன்று இருக்கிறதல்லவா என்றார்கள். அவர் சிரித்துவிட்டுத் தனியாக வீட்டுக்கு நடந்தார், இருதயம் பின்னாலேயே பையோடு நடந்தான். அந்த நாட்களில் அவன் வீட்டில் யாரோடும் பேசுவதில்லை, பரோட்டா விருந்துக்கும் வருவதில்லை.

ஆனால் பந்து இறங்கியது. யூகலிப்டஸ் உச்சிக்கு வந்தது, மரத்தின் பாதிக்கு வந்தது, மார்கழியில் கொடிக்கம்பத்தின் உயரத்துக்கு வந்தது, எங்கள் லைன் முழுதும் காலையில் பல் துலக்குவதற்கு முன் அதைத்தான் வந்து பார்த்தது. பிரகாசி தினமும் அதற்குக் கையாட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். வீட்டுக்கு நேராகத் தொங்கியது, இறங்க இறங்கக் காற்றில் கொஞ்சம் நகர்ந்து முற்றத்துக்கு வந்திருந்தது. தை பிறந்தபோது, லூர்து அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு நின்றால் பிள்ளையின் விரலுக்கும் பந்துக்கும் ஒரு சாண்தான் பாக்கி. வரும் ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் பெரிய கோப்பைக்கான ஆட்டம், அன்று முதல் எட்டுக் குழிக்கும் இன்னும் இளகினதைக் கொடுத்தால் அந்தச் சாணும் தீர்ந்துவிடும், மத்தியானம் பந்து கைக்கு வந்துவிடும் என்று இருதயம் சொன்னான். வெகுநாளைக்குப் பிறகு அவன் வீட்டில் பேசியது அது.

அந்த ஞாயிறு நன்றாக நினைவிருக்கிறது. பனி விலகத் தாமதமாகி ஆட்டமும் தாமதமாகத் தொடங்கியது. பன்னிரண்டு மணிக்கே பந்து கைக்கு எட்டும் உயரத்துக்கு வந்துவிட்டது. எட்டிப் பறித்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை எமகண்டம். கழுத்தில் ஜெபமாலை போட்டவர்களுக்கு எமகண்டம் ஏது என்று கேட்கலாம், ஆனால் பெண் பார்க்கவும் பால் காய்ச்சவும் பிள்ளைக்குப் பேர் வைக்கவும் நாங்கள் அதைப் பார்க்காமல் இருந்ததில்லை, அதுவும் இத்தனை நாள் உயிரை எடுத்த ஒன்றை வீட்டுக்குள் கொண்டுவருகிற காரியம், கெட்ட நேரத்தில் தொடுவானேன் என்று எல்லோரும் சொன்னோம். லூர்துக்கும் அதுதான் சரியென்று பட்டது. அந்த நேரத்தில் பிரகாசியைக் குளிப்பாட்டி, கிறிஸ்துமஸுக்கு எடுத்த கவுனைப் போட்டு, தலைசீவி, ரிப்பன் வைத்தார்கள். ஆரத்தித் தட்டுகூடத் தயாராக இருந்தது. யாரோ சின்ன வெடிச்சரமும் வாங்கிவைத்திருந்தார்கள்.

மேட்டில், எட்டுக் குழிகளிலும் தோற்று, தாமோதரசாமி ஒன்பதாம் மேட்டில் ஏறினார். கையை நீட்டவில்லை. அத்தனை வருஷத்தில் முதல் முறையாக மேட்டிலிருந்து திரும்பி இருதயத்தின் முகத்தைப் பார்த்தார்.

"எனக்கு முடியலைன்னு நீயும் நெனைக்கிறியாப்பா?" என்று கேட்டார்.

இல்லைங்கய்யா என்றான் இருதயம். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, குழிப்பக்கம் திரும்பி, பழையபடி பின்பக்கமாக உள்ளங்கையை நீட்டினார். இருதயத்தின் இடது பாக்கெட்டில் இளகின பந்து இருந்தது. வலது பாக்கெட்டில், எதற்கு எடுத்துவந்தோம் என்று அவனுக்கே தெரியாமல், அவருக்குச் சரியான பந்து, இறுகினது, காலையிலிருந்து மடியில் வைத்துச் சூடேற்றியது, இருந்தது. மணி ஒன்றரை ஆகப்போகிறது, பன்னிரண்டு மணிக்கே பந்து எட்டியிருக்கும், லூர்து அதை எப்போதோ பறித்து உள்ளே வைத்திருப்பாள், இனி ஒரே ஒரு நல்ல அடி அடித்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும் என்று அவன் கணக்குப் போட்டான். பிற்பாடு எங்களிடம் அவனே சொன்னது இது. நாங்கள் எமகண்டத்துக்காகக் காத்திருப்போம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. நீண்டிருந்த அந்தக் கையில் அவன் சரியான பந்தை வைத்தான்.

கீழே அப்போதுதான் நேரம் முடிந்திருந்தது. லூர்து பிள்ளையைத் தோளில் ஏற்றினாள். "புடிச்சா விட்றக் கூடாது, என்ன?" என்றாள். பிரகாசி சரி என்று சொல்லி, இரண்டு கையாலும் பந்தைப் பொத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். யாரோ வெடிச்சரத்தைப் பற்றவைக்கத் தீக்குச்சியைக் கிழித்தார்கள். மேட்டில் காற்றைக் கிழிக்கும் அந்தச் சத்தம், பல மாதமாகக் கேட்காமல் இருந்த சத்தம், பள்ளம் முழுதும் கேட்டது. அவர் இப்போது அடித்த புதுப்பந்து எங்கள் தலைக்கு மேலே வந்து உச்சியில் நின்றது. அதே நொடியில், பழைய கை திரும்பி வந்துவிட்டதால், பழைய பந்தும் தன் பழைய இடத்துக்குக் கிளம்பியது, பிடித்தால் விடக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தபடியால் பிரகாசி விடவில்லை. தோளிலிருந்து கால் எழும்பியது, லூர்து எட்டிப் பிடித்த கணுக்கால் நழுவியது, கவுன் காற்றில் விரிய அவள் கொடிக்கம்பத்தைத் தாண்டி, மரத்தின் பாதியைத் தாண்டி, உச்சியைத் தாண்டி மேலே போய், பந்து நின்ற இடத்தில் அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நின்றாள். மேட்டில் இருந்தவர்களுக்கு அவள் தெளிவாகத் தெரிந்தாள். அப்பா என்று ஒருதரம் கூப்பிட்டாள்.

தாமோதரசாமி தன் பந்தைத்தான் பார்த்தார். இத்தனை சந்தோஷமாக அவரை யாரும் பார்த்ததில்லை என்கிறார்கள். கையைத் தூக்கி ஏதோ சொல்லப்போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு புல்லில் சாய்ந்தார்.

டாக்டர் என்று கத்தினார்கள், தண்ணீர் என்று ஓடினார்கள். இருதயம் மட்டும் அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, நெஞ்சை நீவினான், வாயில் ஊதினான், சாகாதீங்கய்யா, சாகாதீங்கய்யா என்று சொல்லிக்கொண்டே இருந்தான். என்ன விசுவாசம் பார் என்று கிளப்புக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு தகப்பன் எதற்குக் கெஞ்சுகிறான் என்று அவர்களுக்கு விளங்கவில்லை, நிமிர்ந்து பார்த்தவர்களுக்குத்தான் விளங்கியது. அவர் போய்க்கொண்டிருக்கிறார் என்று அவனுக்குத் தெரிந்தது. போவதற்குள் கை மாறவேண்டும், ஒரு மூச்சு நேரம் மாறினாலும் பிள்ளை மெல்ல இறங்கத் தொடங்கும். இடது பாக்கெட்டிலிருந்து இளகின பந்தை எடுத்தான். அவர் விரல்களைப் பிரித்து அதை உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடி, தன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான்.

"ஐயா, இதுதான் உங்க பந்து. புடிச்சுக்குங்கய்யா."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. விரல்கள் மட்டும் அந்தப் பந்தை ஒருதரம் தடவிப் பார்த்தன. இருதயம் பொத்தியிருந்த கையைத் தளர்த்தினான், அவர் தானாகப் பிடித்துக்கொண்டுவிட்டார் என்று நினைத்தான்.

"இது என் பந்து இல்லப்பா," என்றார் தாமோதரசாமி. அவர் கடைசிவரை நாணயமான ஆட்டக்காரர். விரலை விரித்தார், பந்து உருண்டு புல்லில் இறங்கியது.

கீழே நாங்கள் சேலைகளை உருவி, போர்வைகளை எடுத்து, இரண்டு மூன்றாக மடித்து, நான்கு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றோம். காற்று இப்படி அடித்தது, அப்படி ஓடினோம், அப்படி அடித்தது, இப்படி ஓடினோம். லூர்து நடுவில் கையை ஏந்திக்கொண்டு ஓடினாள். புதுப்பந்து ஓட்டைப் பிளந்துகொண்டு காலிக் கட்டிலில் விழுந்தது. பிரகாசி சேலையில்தான் விழுந்தாள், சரியாகத்தான் பிடித்தோம், ஆனால் அவள் தன் எடையில் விழவில்லை, அந்தப் பந்தின் வேகத்தில் விழுந்தாள். சேலை தாங்கவில்லை.

இரண்டு பேரின் இறுதிச்சடங்குகளும் ஒரே நாளில் நடந்தன. மறுநாள் கிளப்பு செயலாளர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு பள்ளத்துக்கு இறங்கி வந்தார், அவர் இங்கே வந்தது அதுதான் முதல் தடவை. உட்காரச் சொல்லி ஸ்டூல் போட்டோம். நடந்தது பெரிய துக்கம் என்று உண்மையாகவே சொன்னார். பிறகு மெல்ல விஷயத்துக்கு வந்தார். தாமோதரசாமியின் படத்தை மண்டபத்தில் மாட்டப்போகிறார்கள், கீழே ஒரு கண்ணாடிப் பெட்டியில் அவர் நிறுத்திய முதல் பந்தை வைத்தால் பொருத்தமாக இருக்கும், அது இங்கேதான் எங்கோ விழுந்திருக்கவேண்டும் என்றார்.

அந்தப் பந்தைப் பிரகாசியின் கையிலிருந்து எடுக்க எங்களால் முடிந்திருக்கவில்லை. வெந்நீர் ஊற்றிப் பார்த்தோம், எண்ணெய் தடவிப் பார்த்தோம், லூர்து காதோரம் குனிந்து, போதும் கண்ணு, விட்டுடு என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். விடவில்லை. அவளை அப்படியேதான் பெட்டிக்குள் வைத்து அடக்கம் செய்தோம்.

செயலாளர் இருதயத்தைப் பார்த்தார். "அதுல சிவப்புப் பொட்டு இருக்கும். ஐயாவோட பந்துன்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

இருதயம் சுவரில் மாட்டியிருந்த மட்டைப் பையை எடுத்து அவர் காலடியில் வைத்தான். ஓட்டில் இருந்த ஓட்டை வழியாக வெயில் கட்டில்மேல் விழுந்துகொண்டிருந்தது.

"அது பாப்பாவோட பந்து, சார்," என்றான்.